மூணாவது பின்

காரை நிறுத்த இடம் இருந்தது. இளவரசன் தன் பைக்கைக் கொண்டுவந்து அந்த இடத்தில் குறுக்கே விட்டான். ஸ்டாண்ட் போட்டான். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டி மேலேயே உட்கார்ந்தான்.

அப்துல் ஹாதி கார்க் கண்ணாடியை இறக்கினான்.

"தம்பி, வண்டியக் கொஞ்சம் தள்ளி வச்சா நாங்களும் அரியலூர்ல இறங்கிக்குவோம்."

"இறங்க வேணாம். அப்படியே பெரம்பலூருக்குத் திருப்பிக்குங்க."

பக்கத்து சீட்டில் இருந்த சிந்தாமணி கதவைத் திறந்து ரோட்டிலேயே இறங்கினாள். பின்னால் வந்த சிமெண்டு லாரி ஹாரன் அடித்தது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பைக்கைப் பார்த்தாள். பிறகு பைக்கில் இருந்தவனைப் பார்த்தாள்.

"தமிழ்மொழியோட அண்ணனா?"

"ஆமா. என் தங்கச்சி கை வெந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கெடக்கா. வேக வச்சவனோட பொண்டாட்டி வந்து அழுதான்னு நீங்க துப்பறிய வந்துட்டீங்க."

"நீங்க வந்து அழுதிருந்தா உங்களுக்கும் வந்திருப்பேன்."

"இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் என்ன வேணா பாத்துக்குங்க. பொழுது சாஞ்சதும் எங்க ஆளுங்க ராசாங்கத்த ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறாங்க. கொலை முயற்சின்னு எழுதிக் கொடுக்குறோம். போற வழியில அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களக் கேக்காதீங்க."

பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். புழுதி காருக்குள் வந்தது.

"நல்ல வரவேற்பு," என்றான் ஹாதி. "மாலை மட்டும்தான் குறைச்சல்."

காலையில் ராசாங்கத்தின் மனைவி வளர்மதி, சிந்தாமணியின் பெரம்பலூர் துப்பறியும் ஆபீசுக்கு வந்திருந்தாள். விக்கிரமங்கலத்திலிருந்து முதல் பஸ். நாற்காலியில் உட்காரவில்லை. சொன்னது கொஞ்சம்தான். ராசாங்கம் மைக் செட் வைத்திருப்பவன். நான்கு நாளைக்கு முன்னால் அரியலூரில் ராஜராஜன் என்பவரின் ஸ்டுடியோவில் ஒரு சிந்தசைசர் கீபோர்டை, அதன் ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் எஃபெக்ட்ஸ் பெட்டியோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, தா.பழூரில் ஒரு காதுகுத்துக்கு செட் போடப் போய்விட்டான். அன்று மாலை, அந்தச் சிந்தசைசரை வாசித்த தமிழ்மொழி, வாசித்து முடித்து ஒயரைக் கழற்றியபோது, கரண்டு அவளை அடித்துத் தூக்கி எறிந்தது. பிழைத்தது பெரிய காரியம். வலது கை பிழைக்குமா என்று இன்னும் டாக்டர் சொல்லவில்லை.

அவள் பிடித்துக் கழற்றியது ராசாங்கம் மாட்டிய ஒயர். போதாததற்கு, போன திருவிழாவில் அந்தப் பெண் அவன் செட்டைத் தொட்டதற்கு ராசாங்கம் கத்தியிருந்தான். 'இன்னொரு தடவ என் ஒயர்ல கை வச்சா கை வெந்து போயிடும்' என்று. அப்போது மைக் ஆனில் இருந்தது. ஊரே கேட்டது. இப்போது ஊரே அதை ஞாபகம் வைத்திருக்கிறது. மூன்று நாளாக ராசாங்கம் வீட்டு வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"என் வூட்டுக்காரருக்கு வாய்தான் ஆகாது," என்றாள் வளர்மதி. "வேலையில குத்தம் சொல்ல முடியாது. அத மட்டும் நிரூபிச்சுக் கொடுங்க."

சிந்தாமணி ராசாங்கத்துக்குப் போன் செய்தாள். அவனும் இனிமையாகப் பேசவில்லை.

"நான் சரியாத்தான் மாட்டியிருக்கேன். போய்ப் பாருங்க. பாக்கத் தெரிஞ்சா."

பார்க்கத் தெரிந்தவன் ஹாதி. ஊர் லப்பைக்குடிக்காடு. துபாயில் ஒரு ஓட்டலின் கல்யாண மண்டபத்தில் வருஷக்கணக்கில் மைக்கும் ஒயரும் அவன் பொறுப்பு. திரும்பி வந்த பிறகு சிந்தாமணியிடம் டிரைவராகச் சேர்ந்தான். வாயை வைத்து உதவியாளராக உயர்ந்தான்.

*

ராஜராஜன் கதவைத் திறந்தார். வாங்க என்று சொல்லவில்லை. நெற்றியில் பட்டை, கழுத்தில் ஹெட்போன். பக்திப் பாட்டு ஆல்பம் போடுகிறவர் சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்ததுபோல இருந்தது முகம்.

"போலீஸ்காரங்களே வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. விபத்துன்னுட்டாங்க. நீங்க யாரு?"

"அவங்க பாக்காதத பாக்குறவங்க," என்றான் ஹாதி.

"சீக்கிரம் பாத்துட்டுக் கெளம்புங்க."

மாடி அறை. சுவரெல்லாம் பஞ்சு அட்டை. ஜன்னல் இல்லை. ஒரு மூலையில் சிந்தசைசர் நின்றது. பழைய மாடல், இரும்பு உடம்பு. ஹாதி அதைச் சுற்றி வந்தான்.

"இது ஒத்தக் குரல் பெட்டி, அக்கா. ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம்தான் வரும். வெளிய போறதுக்கும் ஒரே ஓட்டைதான். மோனோ."

எஃபெக்ட்ஸ் பெட்டி இன்னொரு மூலையில் இருந்தது, சக்கரம் வைத்த ஸ்டாண்டில். பின்பக்கம் இரண்டு ஓட்டைகள். இடது ஓட்டையில் மட்டும் ஒரு ஒயர் செருகியிருந்தது. அதன் மறுமுனை தரையில் கிடந்தது. தமிழ்மொழி கையிலிருந்து விழுந்த இடம்.

ராஜராஜன் விரலை நீட்டினார். "பாத்துக்குங்க. ஸ்டீரியோ பெட்டி. ரெண்டு ஓட்ட இருக்கு. ஒண்ணுல சொருகிட்டுப் போயிட்டான். பாதி வேல. இவன்லாம் ஒரு சவுண்டு ஆளு."

ஹாதி குனிந்து ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தைப் படித்தான். "இடது ஓட்டைக்குப் பக்கத்துல மோனோன்னு போட்டிருக்குங்க. ஒத்த ஒயர் வந்தா இதுல மட்டும்தான் சொருகணும். பெட்டியே அத ரெண்டாப் பிரிச்சு ரெண்டு பக்கமும் அனுப்பிக்கும். ராசாங்கம் முழு வேலதான் பாத்திருக்காரு. நீங்க பாதிதான் படிச்சிருக்கீங்க."

"வெளிய போய்யா."

"போறோம்," என்றாள் சிந்தாமணி. நகரவில்லை. தரை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிந்தசைசருக்குப் பக்கத்தில் நான்கு பள்ளங்கள். சக்கரம் நாள்பட நின்று அழுந்திய பள்ளங்கள். "இந்த ஸ்டாண்டு இங்கதான இருந்துச்சு? எப்ப அங்க போச்சு?"

ராஜராஜன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றினார்.

"அன்னைக்குத்தான். வாஸ்து பாக்குறவரு வந்திருந்தாரு. கரண்டு சாமான் எல்லாம் அக்னி மூலையில இருக்கணும்னாரு. தள்ளி வச்சேன். என் ஸ்டுடியோ, என் பெட்டி."

"சிந்தசைசரும் கரண்டுலதான ஓடுது?" என்றான் ஹாதி.

"அது இசை. அது ஈசான்யத்துல இருக்கலாம்."

"தள்ளி வச்சது ராசாங்கம் மாட்டிட்டுப் போனதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

"அந்த மூலை பிளக் போர்டுக்குக் கரண்டு எங்கேருந்து வருது?"

"கீழ போர் மோட்டாருக்குப் போற லைன்லேருந்து. ஏன்?"

ஹாதி சிந்தாமணியின் பக்கம் திரும்பினான். இதைச் சொல்லும்போது அவனுக்கு ஒரு உற்சாகம் வந்துவிடும்.

"ராசாங்கம் ரெண்டு பெட்டியையும் பக்கத்துல வச்சு, ஒரே போர்டுல பிளக் குடுத்திருக்காரு. ரெண்டுக்கும் எர்த் ஒண்ணு. சத்தமே இருந்திருக்காது. இவரு ஒரு பெட்டிய வேற லைனுக்குக் கொண்டு போயிட்டாரு. இப்ப எர்த் ரெண்டு. ரெண்டுக்கும் நடுவுல இந்த ஆடியோ ஒயரு. ரெண்டு சம்பந்தி வூட்டுக்கும் நடுவுல மாட்டுன மருமக மாதிரி. அந்தச் சண்ட பூரா ஸ்பீக்கர்ல வரும். ம்ம்ம்னு."

"அன்னைக்கு வந்துச்சா?" சிந்தாமணி ராஜராஜனைக் கேட்டாள்.

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். அன்றைய பதிவுகள் வரிசையாக இருந்தன. முதல் பதிவில் சிந்தசைசர் ஒரு குழல்போல எழுந்தது. அதன் அடியில் ஓர் உறுமல். பக்கத்து அறையில் மாவு மெஷின் ஓடுவதுபோல. அடுத்ததிலும் உறுமல். அதற்கடுத்ததிலும். வாசிப்பு மோசமாகிக்கொண்டே போனது. விரல் பயந்திருந்தது. ஒரு பதிவில், பாட்டு நின்ற பிறகு, ராஜராஜனின் குரல் கேட்டது. 'சத்தம் போகலைன்னா நாளைக்கு வேற பொண்ண வச்சு எடுத்துக்குறேன். உனக்கு இதுதான் கடைசி.'

ஸ்டுடியோவில் இருந்த ராஜராஜன் வேறெங்கோ பார்த்தார்.

கடைசிப் பதிவு சுத்தமாக இருந்தது. உறுமலே இல்லை. அவள் நன்றாக வாசித்தாள். அவ்வளவு நன்றாக வாசிக்கக்கூடிய பெண் என்று அதுவரை தெரியவில்லை. ஹாதி ஜோக் எதுவும் சொல்லாமல் கேட்டான்.

"நடுவுல என்ன ஆச்சு?"

"நான் டீக்கடைக்குப் போனேன். திரும்பி வந்தேன். சத்தம் நின்னிருந்துச்சு. எப்படின்னு கேட்டேன். பிளக் லூசா இருந்துச்சு, சரியாயிடுச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. எடுத்தோம். முடிஞ்சதும் நான் கீழ போன் பேச எறங்கினேன். தொம்முன்னு விழுற சத்தம் கேட்டுச்சு. கார்ல போட்டுக்கிட்டு ஓடினோம். கதவக்கூடப் பூட்டல. போதுமா?"

"பிளக்க அழுத்துனா இந்த உறுமல் போவாது," என்றான் ஹாதி. "ஒண்ணு, ரெண்டையும் ஒரே போர்டுக்குக் கொண்டு வரணும். இல்லன்னா ரெண்டுல ஒரு எர்த்தப் பிய்க்கணும். மொதல்லதுதான் முறை. ரெண்டாவது பாவம்."

அவன் சிந்தசைசரின் பின்னால் போய் கரண்டு பிளக்கைச் சுவரிலிருந்து உருவினான். மூன்று பின்னும் இருந்தன. மேலே இருக்கும் தடித்த பின், எர்த் பின், முழுசாக, பளபளப்பாக.

"இருக்குக்கா." அவன் குரல் இறங்கியது. "அப்ப நான் சொன்னது தப்பு."

சிந்தாமணி அந்தப் பிளக்கை வாங்கவில்லை. அறையிலிருந்த மற்ற பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர், ஸ்பீக்கர், ஃபேன், எஃபெக்ட்ஸ் பெட்டி. ஒவ்வொரு பிளக்கின் முதுகிலும் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம்.

"போன மாசம் ஆயுத பூஜைக்கு வச்சதா?"

"என் பொண்டாட்டி வைப்பா. பெட்டிக்கு மட்டும் வச்சா போதாது, கரண்டு வர்ற வழிக்கும் வைக்கணும்பா. ஒரு ஒயரு விடமாட்டா."

"இதை விட்டுட்டாங்களே."

மூவரும் ஹாதியின் கையைப் பார்த்தார்கள். பிளக்கில் பொட்டு இல்லை.

"அதானே," என்றான் ஹாதி மெதுவாக. "இத்தன பேருக்கு நடுவுல இது ஒண்ணு மட்டும் எங்க ஆளு போலிருக்கு."

ராஜராஜன் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கோபத்தைத் தவிர வேறொன்று வந்தது. "இது என்னோட ஒயரே இல்ல."

"ஒயர மாத்தியிருக்காங்க," என்றாள் சிந்தாமணி. "நீங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனதுக்கு அப்புறம். கதவு திறந்தே கிடந்திருக்கு."

"நான் மாத்தல."

"நீங்க மாத்தியிருந்தா உங்க பீரோவுலேருந்து பொட்டு வச்ச ஒயர எடுத்து மாட்டியிருப்பீங்க."

அவருக்கு அது தன்னைக் காப்பாற்றும் வாக்கியம் என்று புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் நன்றி சொல்லவில்லை. கதவைக் காட்டினார்.

படி இறங்கும்போது ஹாதி விரல்களைச் சட்டையில் துடைத்தான். போகவில்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருந்தன.

"கரண்டு அடிச்சதுல அந்த ஒயரு கருகியிருக்குக்கா."

சிந்தாமணி அவன் கையைப் பிடித்து முகர்ந்தாள்.

"கருகுனா நாத்தம் வரும். இந்த ஊர்ல எதைத் தொட்டாலும் விரல் வெளுக்கும் ஹாதி. சிமெண்டுத் தூசி. உனக்குக் கறுத்திருக்கு."

"அப்ப என்னதுக்கா இது?"

அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

*

காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். தமிழ்மொழியிடம் போனைக் கொடுத்தார்கள்.

"டீ குடிக்கப் போன நேரத்துல சத்தத்த யாரும்மா நிறுத்துனது?"

"ஞாபகம் இல்லீங்க."

"ராசாங்கத்த இன்னைக்கு ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறாங்க. தெரியுமா?"

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்ல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"அவளேதான் பின்னைப் பிச்சிருக்கா," என்றான் ஹாதி. "வெளிய சொல்ல வெக்கம்."

"அவ படுத்துக் கிடக்கா. ஒயர மாத்துனது யாரு?"

ஹாதி கொஞ்ச தூரம் ஓட்டினான். "சரி. மாத்துனவன் பின் இல்லாத ஒயர என்ன பண்ணியிருப்பான்? குப்பையில போட்டிருப்பான். நாமளும் போய் அரியலூர்க் குப்பையக் கிளறணும்."

"உங்க வூட்டுல பழைய சார்ஜரு எத்தன இருக்கும்?"

"எங்க உம்மா ஒரு டப்பாவுல போட்டு வச்சிருக்கு. எந்தப் போனுக்குன்னு அதுக்கே தெரியாது."

"ஏன் தூக்கிப் போடல?"

"நல்லாத்தான இருக்குன்னு..." அவன் நிறுத்திக்கொண்டான்.

"ஒரு பின் போனாலும் கரண்டு வரும். கரண்டு வர்ற ஒயர நம்ம ஆளுங்க யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. இதே மாதிரி ஒயரு சொருகுற ஏதோ ஒரு மெஷின்லேருந்து நல்லதக் கழட்டி ஸ்டுடியோவுல மாட்டிட்டான். அந்த மெஷினு சும்மா நிக்குமா? வண்டிய பஸ் ஸ்டாண்டு பக்கம் விடு. எனக்கு ஜெராக்ஸ் எடுக்கணும்."

"பொழுது சாயப் போவுது. இப்பப் போயி ஜெராக்ஸா?"

"இப்பத்தான்."

அவள் காட்டிய கடை முன்னால் நிறுத்தினான். சின்னக் கடை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ரேஷன் கார்டோடு ஒரு கிழவி. ஹாதி தன் லைசென்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். மெஷினுக்குப் பின்னாலிருந்து ஒருவன் நிமிர்ந்தான்.

இளவரசன்.

"நீ பைக்கத் தள்ளி வைக்கச் சொன்ன, ஹாதி," என்றாள் சிந்தாமணி பின்னாலிருந்து. "நான் அதுல ஒட்டியிருந்த ஜெராக்ஸ் கடைப் பேரப் படிச்சேன்."

"என்ன வேணும்?" என்றான் இளவரசன்.

"ஜெராக்ஸ்," என்றான் ஹாதி. வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை. லைசென்சை நீட்டினான். நீட்டும்போது இன்னொரு கையை மெஷினின் ஓரத்து இரும்பில் ஊன்றினான்.

சுர்ரென்றது. முழங்கை வரை எறும்பு ஏறியது. "யா அல்லாஹ்," என்று பின்னால் வந்தான்.

கிழவி அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அதுல கைய வைக்காதப்பா. தொட்டா இழுக்குது. போன தடவ வந்தப்ப சும்மாத்தான் இருந்துச்சு. என்னமோ இந்த வாரமாத்தான் இப்படி."

"எப்பவுமே அப்படித்தான் காத்தாயி," என்றான் இளவரசன். "கார்ட எடுத்துட்டுக் கெளம்பு."

"எனக்குக் கண்ணுதான் மங்கல். கை நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

ஹாதி தன் விரலைப் பார்த்தான். மெஷின் வாயைச் சுற்றிச் சிந்தியிருந்த மைத்தூளைப் பார்த்தான். அதே கறுப்பு.

"சுவிட்ச ஆஃப் பண்ணு ஹாதி," என்றாள் சிந்தாமணி.

"என் கடையில கைய வச்சீங்க..." இளவரசன் மெஷினைச் சுற்றி வந்தான்.

ஹாதி சுவிட்சை அணைத்தான். சிந்தாமணி குனிந்து பிளக்கை உருவி மேஜை மேல் வைத்தாள். கறுப்புப் பிளக். முதுகில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். அடியில் இரண்டு பின். மூன்றாவது இருந்த இடத்தில் முறிந்த பித்தளை.

வெளியே ஒரு பஸ் ஜெயங்கொண்டம், ஜெயங்கொண்டம் என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"உங்க கடையில ஆயுத பூஜைக்குப் பிளக்குக்குப் பொட்டு வைப்பீங்களா?"

இளவரசன் பிளக்கை எடுக்கக் கை நீட்டினான். ஹாதி அதன் மேல் தன் கையை வைத்தான்.

"குடுத்துருங்க."

"குடுத்தா?"

"நீங்க யாரு எங்க வூட்டு விஷயத்துல..." குரல் உடைந்தது. அதற்கும் அவனுக்குக் கோபம்தான் வந்தது. மேஜையைக் காலால் தள்ளினான். "போன் போட்டு அழுதா. ஓடினேன். அந்த ஆளு டீக்கடையில இருந்தாரு. இவ அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்து அழுவுறா. இதுதான் கடைசி வாய்ப்புங்குறா. எர்த் பின்னப் பிடுங்கிட்டா சத்தம் நிக்கும்னு செல்லுல ஒருத்தன் வீடியோ போட்டிருந்தான். எங்க வூட்டுல மிக்சி, கிரைண்டரு எல்லாத்துலயும் அந்தப் பின்ன நான்தான் பிச்சு வச்சிருக்கேன். எங்க போர்டுல ரெண்டு ஓட்டதான். யாருக்கும் ஒண்ணும் ஆவல. கட்டிங் பிளேயரால ஒரு திருகு. உடனே நின்னு போச்சு. அவ சிரிச்சா. நான் கடைக்கு வந்துட்டேன்."

"அவ விழுந்ததும்?"

"ராஜராஜன் போன் போட்டாரு. அவரோட கார்ல போனோம். அப்புறம் அவளோட பையும் செருப்பும் எடுக்க வந்தேன். கதவு திறந்து கெடந்துச்சு."

ஹாதிக்கு இந்த இடத்தில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பது பழக்கம். சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பெட்டி பழசு," என்றான். "உள்ள எங்கயோ கரண்டு கசியுது. எர்த் இருந்தப்ப அது வழியாப் போயிடுச்சு. யாருக்கும் தெரியல. நீங்க அந்த வழிய அடச்சிட்டீங்க. ஆனாலும் அவ வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆவல. ஏன் தெரியுமா? ஆடியோ ஒயரு மாட்டியிருந்துச்சு. கசிஞ்சது பூரா அது வழியா அந்த எஃபெக்ட்ஸ் பெட்டிக்குப் போயி, அங்கேருந்து பூமிக்குப் போயிருக்கு. அவ ஒரு கையில இரும்பப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால அந்த ஒயரக் கழட்டுனா. கழட்டுனதும், வழி அவதான்."

இளவரசன் மெஷினில் சாய்ந்தான்.

"பாட்டு முடியற வரைக்கும் உங்க தங்கச்சியக் காப்பாத்துனது அந்த ஒத்த ஒயரு. ராசாங்கம் மாட்டுனது."

"அவன் திருவிழாவுல எங்கள..." என்று ஆரம்பித்தான்.

"உங்க தங்கச்சிக்கு ஞாபகம் இல்லையாம்," என்றாள் சிந்தாமணி. "உங்களுக்காக ஞாபகம் இல்ல. இன்னொரு மனுஷன் ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லைன்னு ஞாபகம் இல்ல. அந்தப் பொண்ண அப்படி ஆக்கி வச்சிருக்கீங்க."

அவன் அவளை அடிக்கப் போகிறான் என்று ஹாதி நினைத்தான். நடுவில் போய் நிற்கலாமா என்று பார்த்தான். அதற்குள் போன் அடித்தது. மேஜை மேல் கிடந்தது. திரையில் 'சாமிக்கண்ணு சித்தப்பா'.

சிந்தாமணி போனை அவன் பக்கம் தள்ளினாள். ஸ்பீக்கரைப் போட்டாள்.

"டேய், பொழுது சாஞ்சிடுச்சு. ஆள வெளிய இழுத்துட்டு வந்துட்டோம். அந்தம்மா குறுக்க விழுந்து கத்துது. வண்டியில ஏத்தவா? நீ எங்க இருக்க?"

பின்னால் கூட்டத்தின் சத்தம். அதில் ஒரு பெண்ணின் குரல். வளர்மதியின் குரல் காலையில் அவ்வளவு உயரம் போகும் என்று ஹாதிக்குத் தெரிந்திருக்கவில்லை.

இளவரசன் சிந்தாமணியைப் பார்த்தான். அவள் உதவி செய்யவில்லை. முகத்தை நகர்த்தக்கூட இல்லை.

"சித்தப்பா. அவர விட்டுருங்க."

"என்னடா?"

"விட்டுருங்க. அவரு ஒண்ணும் பண்ணல."

"யாரு பக்கத்துல இருக்கா? அந்தப் பெரம்பலூர் பொம்பளையா? மிரட்டுறாளா?"

"யாரும் மிரட்டல. நான்தான் சித்தப்பா. பின்னப் பிச்சது நான். ஒயர மாத்துனதும் நான்."

அங்கே சத்தம் அடங்கியது. முதலில் சித்தப்பாவைச் சுற்றி. பிறகு தூரத்தில். கடைசியாக அந்தப் பெண்ணின் குரலும். சாமிக்கண்ணு திரும்பப் பேசியபோது வேறு ஆள்போலப் பேசினார்.

"மூணு நாளா எங்களக் கொண்டாந்து அடுத்தவன் வாசல்ல உக்கார வச்ச."

"ஆமா."

"அந்தாளு பொண்டாட்டிய நான் கையப் புடிச்சுத் தள்ளியிருக்கேன்டா."

இளவரசன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அவர விட்டாச்சு. நீ எங்க இருக்க?"

"கடையில."

"அங்கேயே இரு. வர்றோம்."

லைன் நின்றது.

இளவரசன் ஷட்டர் கம்பியை எடுத்தான். கையில் வைத்துக்கொண்டே நின்றான். பிறகு அதைச் சுவரோரம் சாய்த்தான்.

"நீங்க போங்க," என்றான். "முடிஞ்சுதுல்ல உங்க வேல."

ஹாதி கார்ச் சாவியை எடுத்தான். சிந்தாமணி அசையவில்லை. கடைக்கு முன்னால் கிடந்த ஸ்டூலை இழுத்து, வாசலுக்கு நடுவில் போட்டு, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நம்ம கிளையண்டு அங்க. இவன் நம்மள ஊருக்குள்ளயே விடமாட்டேன்னவன்."

"தெரியும்."

"எத்தன பேரு வருவாங்கன்னு தெரியுமா?"

"தெரியாது."

ஹாதி சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். உள்ளே போய் இன்னொரு ஸ்டூலைத் தூக்கிவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தான். உட்கார்ந்தான். எழுந்து இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"எதுக்கும் டீ சொல்லி வைக்கவா? வர்றவங்க தாகமா வருவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து, விக்கிரமங்கலம் ரோடு வந்து சேரும் திருப்பத்தில் பைக்குகளின் வெளிச்சம் திரும்பியது. ஒன்று. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக நிறைய.